கணனிக்குக் காவல்: பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்டுமுன்

ஓப்பநாயக்கப் பகுதித் தோட்டங்களில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலர் இப்போது சைபர் பாதுகாப்புப் படிக்க வேண்டும் என்கின்றனர். இரண்டு ஆண்டு படித்தால் கை நிறையச் சம்பளம் என விளம்பரங்களும் ஆசை காட்டுகின்றன. மண்சரிவிலும் வெள்ளத்திலும் நிலத்தை இழந்து வந்த பெற்றோரிடம் நட்டஈட்டுப் பணமோ, அடகு வைக்க ஒரு சோடித் தோடோ மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைப் பிள்ளையின் படிப்பில் போடுவது நல்லதே. ஆனால் எந்தப் படிப்பில் போடுகிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

இது என்ன தொழில்?

காட்டுப்பன்றி வரும் காலத்தில் நாம் வேலி அடைக்கிறோம். பரணில் இரவு முழுவதும் விழித்திருக்கிறோம். விதைநெல்லை வேறாக எடுத்து வைக்கிறோம். கணனிக்குக் காவல் இருப்பவரும் இந்த மூன்றையுமே செய்கிறார். அந்நியர் நுழையாதபடி தடுப்பதும், நுழைந்தால் உடனே கண்டுபிடிப்பதும், அழிந்துபோனதை மீட்க வேறொரு பிரதி வைத்திருப்பதும் அவருடைய வேலை.

விதைநெல்லை வேறாக வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமது நாடே 2023-இல் கண்டது. அரசாங்க அலுவலகங்கள் பயன்படுத்திய மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்குரிய பிரதி தனியாகப் பேணப்படாததே இழப்புக்குக் காரணம். தாக்குதல்களுக்கு முகங்கொடுப்பதற்கென 2006-இல் அமைக்கப்பட்ட ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனம் கொழும்பில் இயங்குகிறது. வங்கிகள், வைத்தியசாலைகள், தொலைபேசி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் இத்தகைய காவலர் தேவை. மக்களின் தனிப்பட்ட விபரங்களைக் காக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்தும் சட்டமும் 2022-இல் நிறைவேறியது. ஆகவே தேவை மெய்யானது. விளம்பரம் முழுவதும் பொய்யல்ல.

அடித்தளம் எது?

நிலத்தை அறியாதவன் வேலி அடைக்க முடியாது. கணனி எவ்வாறு இயங்குகிறது, கணனிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசுகின்றன, நிரல் எவ்வாறு எழுதப்படுகிறது என்பவற்றைக் கற்காமல் பாதுகாப்பை மட்டும் கற்க இயலாது. எனவே முதல் இரண்டு ஆண்டுகளைத் தகவல் தொழில்நுட்பம் அல்லது கணனி வலையமைப்பு டிப்ளோமாவில் செலவிட்டு, பின்னர் பாதுகாப்புத் துறைக்குள் செல்வது உறுதியான வழி. இதனைத் தாமதம் என எண்ண வேண்டாம்.

இதற்கு அரசாங்கப் படிக்கட்டு ஒன்று உண்டு. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். உயர்தரத்தில் சித்தியடைந்தோர் பொதுவாக ஐந்தாம் மட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரண தரத்தோடு நின்றவர் கீழ்மட்டத்தில் தொடங்கி ஏறி வரலாம். நமக்கு அண்மையில் இரத்தினபுரித் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. கேகாலையில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் உள்ளது. அது டிப்ளோமாக்களை வழங்கும் சிலயட் அமைப்பைச் சேர்ந்தது. இவ்வாண்டு எந்தப் பாடங்கள், எந்த மொழியில் நடைபெறுகின்றன என்பதை நேரில் சென்று கேளுங்கள். அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரிக்குக் கட்டும் பெருந்தொகை மிஞ்சும். ஓப்பநாயக்க ரயில் பாதை அகற்றப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன, பஸ்தான் வழி. ஆகவே பஸ் செலவையும் தங்குமிடச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்மொழிப் பாடசாலையில் படித்த நமது பிள்ளைகளுக்குப் பெரிய தடை கணனியல்ல, மொழி. நமது மாகாணத்தில் இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடைபெறுகின்றன; தொழிலின் நூல்களோ ஆங்கிலத்தில் உள்ளன. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையான மாதங்களை ஆங்கிலத்துக்கென ஒதுக்கினால் பாதி மலை ஏறியாயிற்று.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. இந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? பதிவு இலக்கத்தை எழுதி வாங்கி, ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள்.

2. இந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு என்.வி.கியூ. மட்டம் உண்டா? நிறுவனம் பதிவு பெற்றிருப்பதால் மட்டும் அங்குள்ள ஒவ்வொரு பாடநெறியும் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது.

3. முழுச் செலவு எவ்வளவு? பரீட்சைக் கட்டணம், பதிவுக் கட்டணம், வெளிநாட்டுச் சான்றிதழ்க் கட்டணம் அனைத்தையும் சேர்த்து எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

4. இடையில் நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்?

இவற்றுக்கு எழுத்தில் பதில் தர மறுக்கும் இடத்தில் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்ட வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல்

பூட்டைத் திறக்கக் கற்றவன் அயல்வீட்டுப் பூட்டில் பழகிப் பார்க்கக் கூடாது. பிறருடைய கணக்கில் அனுமதியின்றி நுழைவது 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. விளையாட்டாகச் செய்தாலும் குற்றம் குற்றமே. நம்பிக்கையை விற்றுப் பிழைக்கும் தொழில் இது. நற்பெயரே முதல் சான்றிதழ்.

முதல் வேலையில் பெரிய சம்பளத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். கணனி பழுதுபார்ப்பது, வலையமைப்பைப் பராமரிப்பது, இரவு முறையில் திரையைப் பார்த்திருப்பது ஆகியவையே பெரும்பாலும் தொடக்கம். அதற்குப் பொறுமையின்றி வெளிநாட்டு வேலைத் தரகரை நம்புவது பேராபத்து. கணனி வேலை என்று கூறித் தாய்லாந்து வழியாக அழைத்துச் செல்லப்பட்ட நமது நாட்டு இளைஞர் பலர், மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டிருந்தமை 2024-இல் வெளியானது. சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பவரை நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் முதலில் விசாரியுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இடம்பெயர்ந்தபோது பிள்ளையின் பத்திரங்கள் தொலைந்திருந்தால், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெற்று வையுங்கள். விண்ணப்பம் கோரும் நாளில் பத்திரம் தேடி அலைந்தால் ஓர் ஆண்டு வீணாகும். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து, பெற்றோர் ஒருவர் துணையோடு இரத்தினபுரிக்குச் சென்று விசாரித்து வரட்டும். கூட்டாகக் கேட்பவரை ஏமாற்றுவது கடினம். நிலத்தை இழந்த நம்மிடம் எஞ்சிய சேமிப்பு, தகுந்த இடத்தில் விதைக்கப்படட்டும்.