எங்கும் போகாத வீதி: வட கரோலைனாவின் மலை ஊர்களில் சில நாட்கள்

பிறைசன் சிற்றியில் இருந்து வடக்கே ஒரு நல்ல வீதி மலைக்குள் ஏறுகிறது. இரண்டு பக்கமும் காடு, வளைவுகளில் வாகனத்தை நிறுத்திப் பார்க்க இடங்கள், கீழே நீல நிறத்தில் ஒரு நீர்த்தேக்கம். பத்துக் கிலோமீற்றர் போனதும் ஒரு சுரங்கம் வருகிறது. 1,200 அடி நீளம், உள்ளே விளக்கு இல்லை. வாகனங்களையும் விடுவதில்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நடந்து மறுபக்கம் வந்தால் வீதியைக் காணவில்லை. ஒரு நடைபாதை காட்டுக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். இதற்கு ஊரவர்கள் வைத்த பெயர் ‘எங்கும் போகாத வீதி’.

சென்ற ஆண்டு, 2025 மே மாதம், ஷார்லட் நகரில் வசிக்கும் அக்காவிடம் போயிருந்தேன். மலைப்பக்கம் போவோம் என்று அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். அமெரிக்காவின் தெற்கில் பார்க்கவேண்டிய அழகிய சிற்றூர்கள் என்று பயண இணையத்தளங்கள் போடும் பட்டியல்களில் வட கரோலைனா மாநிலத்தின் மேற்கு மலைகளில் உள்ள ஊர்கள் எப்போதும் இருக்கும். நாங்களும் அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் புறப்பட்டோம். பட்டியலில் சொன்ன அழகெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அழகு யாருடைய காணியில் இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பிறைசன் சிற்றி என்று பெயரில்தான் நகரம் இருக்கிறது. சனத்தொகை சுமார் 1,500. நடுவே டக்கசீஜி ஆறு ஓடுகிறது. கூரை உச்சியில் குவிமாடம் வைத்த பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது சிறிய அருங்காட்சியகம். உல்லாசப் பயணிகளுக்கான மலை ரயில் இங்கிருந்து புறப்படுகிறது. பெரிய ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவின் தெற்கு வாசல்களில் இந்த ஊரும் ஒன்று. காலையில் மலைகளின் மேல் புகைபோல மூடுபனி கிடக்கும். ஸ்மோக்கி என்ற பெயரே அதனால் வந்தது.

இனி வீதியின் கதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானம் செய்ய அலுமினியம் வேண்டும், அலுமினியம் உருக்க மின்சாரம் வேண்டும். அதற்காக ரெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபை என்ற அரச நிறுவனம் 1942 ஜனவரியில் லிட்டில் ரெனசி ஆற்றின் குறுக்கே பொன்டானா அணையைக் கட்டத் தொடங்கியது. இரவு பகல் பாராமல் வேலை நடந்தது. 480 அடி உயரமான அணை, 1944 நவம்பரில் கதவுகள் மூடப்பட்டுத் தண்ணீர் ஏறியது. நீர்த்தேக்கத்துக்காக 1,300 க்கும் அதிகமான குடும்பங்கள் எழும்பவேண்டியதாயிற்று. காணிக்குப் பணம் கொடுத்தார்கள், ஆனால் விலையைத் தீர்மானித்தது அதிகாரசபை. பேரம் பேச இடமிருக்கவில்லை.

காணி தண்ணீருக்குள் போனவர்கள் மட்டும்தான் எழும்பினார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படியல்ல. நீர்த்தேக்கத்தின் வடகரையில் பெரும்பகுதி நிலம் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. மூழ்கியது அந்த ஊர்களுக்குப் போன ஒரேயொரு வீதி. போர்க்காலத்தில் மலையைக் குடைந்து புது வீதி போட ஆளும் இல்லை, இரும்பும் இல்லை. எனவே வீதி இல்லாத நிலத்தில் மக்கள் எதற்கு என்று வடகரை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். 44,000 ஏக்கர். அது தேசியப் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. 1943 இல் அதிகாரசபை, மத்திய உள்துறைத் திணைக்களம், மாநில அரசு, சுவெயின் கவுண்டி ஆகிய நான்கு தரப்பும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. (கவுண்டி என்பதை நமது மாவட்டத்துக்கும் பிரதேச செயலகப் பிரிவுக்கும் இடைப்பட்ட ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.) போர் முடிந்து, பணமும் ஒதுக்கப்பட்டதும் வடகரையில் புது வீதி போட்டுத் தருவோம் என்பது அதில் இருந்த வாக்குறுதி. வீதி ஏன் அவ்வளவு முக்கியம்? மக்கள் போய்விட்டார்கள். ஆனால் அவர்களின் இருபதுக்கும் மேற்பட்ட மயானங்கள் அங்கேயே இருந்தன.

போர் 1945 இல் முடிந்தது. வீதி வேலை அறுபதுகளில்தான் ஓரளவு நகர்ந்தது. சுரங்கம் வரை வந்ததும் நின்றுபோனது. அந்த மலைப்பாறையை வெட்டித் திறந்தால் மழைநீருடன் சேர்ந்து அமிலம் கசியும், ஓடைகளில் மீன்கள் சாகும் என்று கண்டார்கள். செலவும் ஏறியது. பிறகு வந்த கணக்கெடுப்பில் முழு வீதிக்கும் சுமார் 600 மில்லியன் டொலர் ஆகும் என்றார்கள். காட்டைக் கெடுக்கக்கூடாது என்று சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எண்பது ஆண்டுகள் மனிதர் குடியிராத அந்தக் காடு இன்று அரிய காடு. ஆனால் தண்ணீருக்குள் போன பழைய வீதியைப் போடுவதற்கு வாங்கிய கடனைச் சுவெயின் கவுண்டி வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டே இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் பார்க்கவேண்டும்.

1978 இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் சேர்ந்து வடகரை மயானச் சங்கத்தை அமைத்தன. அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: எங்கள் ஆட்களின் கல்லறைகளுக்குப் போய்வர வழி செய்யுங்கள். அதன் பிறகு பூங்கா நிர்வாகம் வசந்தகாலம் தொடங்கி இலையுதிர்காலம் வரை குறிப்பிட்ட நாட்களில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், நீர்த்தேக்கத்தைக் கடக்கப் படகு விடுகிறது. ஒவ்வொரு மயானத்துக்கும் ஒரு நாள். அந்த மலைப்பகுதியில் கல்லறைகளைத் துப்புரவாக்கிப் பூ வைப்பது பழைய வழக்கம். ‘அலங்கார நாள்’ என்பார்கள். புல்லைச் செதுக்கி, மண்ணைக் கூட்டி மேடாக்கி, பூக்களை வைத்து, பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, பிறகு கொண்டுவந்த சாப்பாட்டை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அங்கே பிறந்தவர்களில் பெரும்பாலானோர் இன்று உயிரோடு இல்லை. இப்போது படகேறுபவர்கள் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும்.

அன்று இரவு வட்ஸ்அப்பில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவின் ஊர் வலிகாமம் வடக்கு. 1990 இல் வெளிக்கிட்டவர். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட கோயில்களுக்குத் திருவிழாவுக்கு மட்டும் அனுமதி எடுத்துப் போய்வந்த காலம் அவருக்கு மறக்கவில்லை.

“கல்லறையள் உடையாமல் கிடக்குதோ?” என்று கேட்டார்.

“கிடக்குது.”

“அப்ப பரவாயில்லை.”

இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. அந்த மக்களின் தலையில் ஷெல் விழவில்லை. குறைவோ கூடவோ, பணம் கொடுத்துத்தான் காணியை எடுத்தார்கள். மயானங்களை யாரும் புல்டோசர் கொண்டு இடிக்கவில்லை. பூங்கா ஊழியர்களே பராமரிக்கிறார்கள். அதோடு, எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று அவர்களின் கையில் இருந்தது. அப்படி இருந்தும் அது முடிய எவ்வளவு காலம் எடுத்தது என்று பாருங்கள். வீதிக்குப் பதிலாக 52 மில்லியன் டொலர் தருவதென்று 2010 இல் மத்திய அரசு உடன்பட்டது. முதலில் கிடைத்தது 12.8 மில்லியன். மீதியைத் தராமல் வருடங்கள் இழுபட்டன, கவுண்டி நீதிமன்றம் போனது. கடைசித் தொகையான 35.2 மில்லியன் வந்துசேர்ந்தது 2018 இல். 1943 இல் கொடுத்த வாக்குக்கு 75 ஆண்டுகள். முதலை வைத்துக்கொண்டு வட்டியை ஊர்த் தேவைகளுக்கு எடுக்கிறார்கள். பணத்தை வாங்கியதே தோல்வி, எங்களுக்கு வேண்டியது வீதிதான் என்று கடைசிவரை நின்ற குடும்பங்களும் உண்டு. கவுண்டிக்குக் கணக்குத் தீர்ந்தது. மயானத்துக்குப் போகிறவர்களுக்கு இன்றும் படகுதான்.

சுரங்கத்துக்கு அப்பால் இருக்கும் நடைபாதையில் ஒரு மணிநேரம் நடந்தோம். மரங்களுக்கிடையில் தனியே நிற்கும் கல் புகைபோக்கிகளைக் கண்டால் அங்கே வீடு இருந்தது என்று அர்த்தமாம். மார்ச், ஏப்ரலில் வந்தால் காட்டுக்குள் திடீரென்று மஞ்சள் டஃபடில் பூக்கள் வரிசையாகப் பூத்து நிற்குமாம். அது காட்டுப் பூ அல்ல. யாரோ ஒருவர் தன் வாசலில் நட்டது. பாழடைந்த வளவுகளில் செவ்வரத்தையையும் நந்தியாவட்டையையும் பார்த்து வீட்டு எல்லையைக் கண்டுபிடித்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு முன்னரும் அங்கே மக்கள் இருந்தார்கள். பிறைசன் சிற்றியில் இருந்து கிழக்கே செரோக்கி என்ற ஊருக்குப் பதினாறு கிலோமீற்றர். 1838 இல் அமெரிக்க இராணுவம் செரோக்கி மக்களை முகாம்களில் அடைத்து, பிறகு மேற்கே ஒக்லஹோமாவுக்கு நடத்திச் சென்றது. வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. மலைகளில் மறைந்தும் வேறு வழிகளிலும் தங்கிவிட்ட சிறு தொகையினரின் சந்ததியே இன்றைய கிழக்குச் செரோக்கிகள். அவர்களுக்குச் சொந்தப் பெயரில் காணி வாங்க முடியாத அந்தக் காலத்தில், வில்லியம் ஹொலண்ட் தோமஸ் என்ற வெள்ளை வணிகர் தன் பெயரில் அவர்களுக்காகக் காணி வாங்கினார். பிறகு அவர் கடனில் மூழ்க, அந்தக் காணியும் போகிற நிலை வந்தது. வழக்காடித்தான் காப்பாற்றினார்கள். இன்று சுமார் 56,000 ஏக்கர் அவர்களின் கையில் இருக்கிறது.

செரோக்கி ஊரின் பிரதான தெரு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இறகுத் தலைப்பாகை விற்கும் கடைகள், சூதாட்ட விடுதி, வாகன நெரிசல். அருங்காட்சியகத்துக்குப் போங்கள், தெருப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். 1821 இல் செக்கோயா உருவாக்கிய செரோக்கி எழுத்து ஆங்கிலத்துடன் பலகைகளில் இருக்கிறது.

இரண்டு ஊர்களுக்கும் இடையில், வீதியோரமாக ஒரு பெரிய வெளி இருக்கிறது. கவனிக்காமல் போனால் வெறும் வயல்தான். அது கிற்றுவா, செரோக்கிகள் தங்கள் தாயூர் என்று சொல்லும் இடம். 1776 இல் எரிக்கப்பட்டது. பின்னர் வெள்ளையரின் பண்ணையானது. ஒரு காலத்தில் சிறிய விமான ஓடுபாதையும் இருந்தது. நடுவே இருந்த புனித மேடு உழுது உழுது தேய்ந்து, இப்போது ஒரு மெல்லிய திட்டாகத்தான் தெரிகிறது. 1996 இல் செரோக்கிகள் அந்த 309 ஏக்கரைச் சந்தையில் விலை கொடுத்து வாங்கினார்கள். தங்களிடமிருந்து பறித்ததைத் தாங்களே காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஆனால் 2010 அளவில் ஒரு மின்சார நிறுவனம் அதற்கு எதிரே உபமின்நிலையம் கட்டத் தொடங்கியபோது, காணியின் சொந்தக்காரர்களாக நின்றுதான் அவர்கள் எதிர்த்தார்கள். நிறுவனம் இடத்தை மாற்றியது.

பெயரும் திரும்பியிருக்கிறது. பூங்காவின் மிக உயர்ந்த சிகரம் 6,643 அடி. நமது பீதுருதாலகாலையை விடக் குறைவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிளிங்மன் என்ற அரசியல்வாதியின் பெயரில் இருந்தது. செரோக்கிகள் கேட்டுக்கொண்டதன்படி 2024 செப்ரெம்பரில் அதன் பழைய பெயரான குவோஹி உத்தியோகபூர்வமாகத் திரும்ப வைக்கப்பட்டது. முசுக்கொட்டை மரங்கள் உள்ள இடம் என்று பொருள். நாங்கள் போனபோது ஒரே பனிமூட்டம், உச்சியில் நின்று எதையும் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெயர் மாறிய மாதத்தின் கடைசி வாரத்தில்தான் ஹெலீன் சூறாவளியின் மழை இந்த மலைகளில் கொட்டியது. மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறைசன் சிற்றி தப்பியது. எங்கள் பட்டியலில் கடைசியாக இருந்த ஹொட் ஸ்பிறிங்ஸ் தப்பவில்லை. பிரெஞ்ச் புறோட் ஆற்றோரமாக ஒரேயொரு பிரதான தெரு, அதன் நடைபாதையிலேயே ஜோர்ஜியாவில் இருந்து மெயின் மாநிலம் வரை போகும் அப்பலாச்சியன் நெடும்பாதையும் போகிறது. முதுகில் பெரிய பையுடன் நடப்பவர்கள் கடையில் பாண் வாங்குவதைக் காணலாம். வெள்ளம் இந்தத் தெருவுக்குள்ளால் போயிருக்கிறது. எட்டு மாதங்களின் பின்னும் பலகை அடித்த கடைகளைக் கண்டோம். திறந்திருந்த கடைகளில் வழக்கத்தை விட அதிகமாகவே வாங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஊரில் முதலாம் உலகப் போரின்போது ஒரு தடுப்பு முகாம் இருந்தது. அமெரிக்கத் துறைமுகங்களில் அகப்பட்ட ஜேர்மன் வணிகக் கப்பல்களின் மாலுமிகள் சுமார் 2,200 பேரை 1917 இல் இங்கிருந்த பெரிய ஹோட்டலிலும் அதன் வளவிலும் அடைத்து வைத்தார்கள். ஆற்றில் மிதந்துவந்த மரத்துண்டுகளையும் தகரத்தையும் வைத்து அவர்கள் முற்றத்தில் ஒரு சின்ன ஜேர்மன் கிராமத்தையே கட்டினார்கள். அந்தப் படங்கள் மிக அழகானவை, சுற்றுலாப் பிரசுரங்களிலும் வருகின்றன. பார்த்தவுடன் யாரும் முகாம் என்று சொல்லமாட்டார்கள். அடுத்த ஆண்டு தைபொயிட் காய்ச்சல் பரவிச் சிலர் இறந்ததையும், எஞ்சியவர்கள் ஜோர்ஜியாவில் இன்னொரு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டதையும் தேடித்தான் வாசிக்கவேண்டியிருந்தது.

கனடாவில் இருந்தோ அமெரிக்காவின் வேறு மாநிலங்களில் இருந்தோ போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். ஷார்லட்டில் இருந்து பிறைசன் சிற்றி மூன்று மணிநேரத்துக்குச் சற்று மேல். சொந்த வாகனம் இல்லாமல் இந்த ஊர்களைப் பார்ப்பது கஷ்டம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வாகனத்தை நிறுத்தினால் அதற்கு அட்டை வாங்கவேண்டும். இலைகள் நிறம் மாறும் ஒக்டோபரில் கூட்டமும் விலையும் அதிகம். மே மாதம் பரவாயில்லை. வெள்ளத்தில் உடைந்த வீதிகளில் திருத்த வேலை நடப்பதால் புறப்படுமுன் எது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குப் போனால் கைவிளக்கு கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்த்தேக்கத்தில் பூங்காவின் படகைக் கண்டால், பூக்களோடும் சாப்பாட்டுப் பெட்டிகளோடும் அதில் போகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல.