சுடுகாட்டு வாசலில் துடிக்கும் கருவி

இதயத் துடிப்பு தடுமாறி மயங்கி விழுபவனுக்கு ஒரு காலத்தில் உலகம் சொன்ன மருந்து ஒன்றே ஒன்று: விதி!

சுவீடன் நாட்டு ஆர்னே லார்சன் ஒரு நாளில் 20, 30 தடவை அப்படி விழுந்து கிடந்தவர். விதியென்று அடங்கவில்லை அவர் மனைவி. டாக்டர் சென்னிங்கையும் பொறிஞர் எல்ம்க்விஸ்டையும் விடாமல் நச்சரித்தார். 1958 அக்டோபர் 8 அன்று, ஸ்டாக்ஹோம் அருகே கரோலின்ஸ்கா மருத்துவமனையில், உலகிலேயே முதன்முதலாக மனித உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அச்சாக உதவியது பூட்ஸ் பாலிஷ் டப்பா! சில மணி நேரத்தில் அது நின்றது, வேறொன்று வைத்தார்கள். பிறகு மாற்றி மாற்றி வைத்து, 2001-இல் தம் 86-ஆம் வயதில்தான் லார்சன் கண்ணை மூடினார். அறுத்த டாக்டரும் ஆக்கிய பொறிஞரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டனர். தலையெழுத்தைத் திருத்தியது எதுவென்று வைதிகர்களை நாம் கேட்கப் போவதில்லை. அவர்களில் பலரும் இன்று பேஸ்மேக்கரோடுதான் உலவுகிறார்கள்.

1980-இல் மிரோவ்ஸ்கியின் கருவி வந்தது. வெறிபிடித்துத் துடிக்கும் இதயத்தை உள்ளிருந்தே மின்னதிர்ச்சி தந்து அடக்கியது. 2016-இல், கம்பியே இல்லாத, 2 கிராம் எடையுள்ள குளிகை போன்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. தொடைச் சிரை வழியே இதயத்துக்குள் செலுத்திவிடுகிறார்கள். விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. சமுதாயம் செய்ததா?

தீயில் வெடிக்கும் என்பதால், பிணத்தை எரிக்குமுன் கருவியை எடுத்துவிடுகிறார்கள். பல கருவிகளின் பாட்டரியில் இன்னும் பல ஆண்டு உயிர் மிச்சம். போகுமிடம்? குப்பைத் தொட்டி! ஒருவருக்கு மட்டுமே என்று முத்திரை குத்தியிருக்கிறதாம். பணமில்லாத காரணத்தால் மற்றொரு நாட்டில் ஒருவன் அதே கருவிக்கு ஏங்கிச் சாகிறான்.

மாண்ட்ரியல் மருத்துவர்கள் வாளாவிருக்கவில்லை. கழற்றிய கருவிகளைச் சேகரித்து, சோதித்து, கிருமி நீக்கி, மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு ஏழைகளுக்கு அனுப்பினார்கள். 1,051 பேரின் கணக்கு 2020-இல் வெளிவந்தது. இரண்டாண்டில் கிருமித் தொற்று கண்டது 2 விழுக்காடு. புதுக் கருவி பெற்ற கனடா நோயாளிகளில் 1.2 விழுக்காடு. புள்ளியியல்படி உறுதியான வேறுபாடென்று சொல்ல முடியாது என்றனர் ஆய்வாளர்கள். கருவியால் மாண்டவர் எவருமில்லை. அந்தச் சிறு வேறுபாட்டையும் நாம் மறைக்கவில்லை. ஆனால், கருவியே கிடைக்காதவனுக்கு எத்தனை விழுக்காடு என்று மறுப்பவர்கள் சொல்லட்டும்!

கண்மூடித்தனமாக எதையும் எடுத்து எவருக்கும் வை என்று நாம் கூறவில்லை. சோதனை முறை, சுத்திகரிப்பு முறை, பெற்றவரின் சம்மதம், பதிவேடு ஆகியவற்றை அரசுகள் சட்டமாக வகுக்கட்டும். இறந்தவரின் குடும்பத்தாரிடம் மனமுவந்து தருவீர்களா என்று கேட்கட்டும். விற்பனை குறையுமே என்று கம்பெனிகள் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.