தாகத்துக்குப் பொடியா?

கோல சிலாங்கூர் மாவட்டத்துச் சுங்கை புரோங் பக்கம் ஆட்டுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் சிரிப்பார்கள். பெர்னாம் ஆற்றுத் தண்ணீர் வயல் கால்வாய்களில் ஓடிக்கொண்டிருக்கிறதே! ஆனால் உரமும் பூச்சிமருந்தும் கலந்த வடிநீரை ஆட்டுக்கு வைக்க முடியாது. பரண் கொட்டகைக்கும் குழாய்த் தண்ணீர்தான் கதி. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சுங்கை கோங்கில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோல சிலாங்கூரிலும் குழாய் வறண்டது.

இப்படிப்பட்ட நாள்களில் பலர் தேடுவது வைட்டமின் பொடி. கொடுத்தால் ஆடு தாங்குமா?

வைட்டமின் சி நமக்குக் கொய்யாவிலிருந்தோ எலுமிச்சையிலிருந்தோ வந்தாக வேண்டும். ஆடு அதைத் தன் ஈரலிலேயே குளுக்கோசிலிருந்து செய்துகொள்கிறது. அந்த வேலைக்கான கடைசி நொதியைத் தரும் மரபணு நம் உடலில் எப்போதோ பழுதாகிவிட்டது. பி வகை வைட்டமின்களை ஆட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் சமைத்துப் போடுகின்றன.

அந்த வயிறு தண்ணீர்த் தொட்டியும்கூட. சினாய்ப் பாலைவனத்துக் கறுப்பு பெதுவின் ஆடுகள் இரண்டு முதல் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குடிக்கும். எடையில் கால் பங்கை இழந்துவிட்டு வந்து, இழந்ததை ஒரே வேளையில் குடித்துத் தீர்க்கும். வேறு பல விலங்குகளானால் இரத்தச் சிவப்பணுக்கள் வெடித்துவிடக்கூடும். இங்கே முதல் வயிறு நீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. நம் கச்சாங் ஆட்டுக்கு அந்த அளவுக்குத் தெம்பு இருக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

தண்ணீர் குறைந்தால் ஆடு முதலில் தீனியைக் குறைக்கும். புழுக்கை காய்ந்து சிறுக்கும், மூத்திரம் கெட்டிப்படும். தீனி குறைந்தால் நுண்ணுயிரிகளும் பட்டினி, பி1 குறையக்கூடும். மிகவும் குறைந்தால் மூளை பாதிக்கப்பட்டு, ஆடு வானத்தைப் பார்த்தபடி நிற்கும். வெயிலும் அலைச்சலும் வைட்டமின் சியைக் கரைக்கும். நைஜீரியாவின் ஸாரியாவில், 12 மணி நேரம் வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட ஆடுகளுக்கு முன்கூட்டியே அதைக் கொடுத்தபோது களைப்பு குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே பொடி வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாய்வழி கொடுக்கும் சியில் பெரும்பகுதியை முதல் வயிற்று நுண்ணுயிரிகளே சிதைத்துவிடும். ஏ வைட்டமின் கதை வேறு: ஆடு அதைப் பச்சைத் தழையின் சத்திலிருந்து செய்து ஈரலில் மாதக்கணக்கில் சேர்த்துவைக்கும். சில நாள் குழாய் நின்றதால் அது தீர்ந்துவிடாது.

வேடிக்கை என்னவென்றால், கடையில் விற்கும் பொடி பலவும் தண்ணீரில் கலக்க வேண்டியவை. உப்புச் சத்துள்ள பொடியைக் குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கலக்கிக் கொடுப்பது தாகத்தை ஏற்றும் வேலை. குழாய் நிற்கும் நாள்களில் காய்ந்த செம்பனைப் புண்ணாக்கைக் குறைத்து, ஈரமுள்ள நேப்பியர் புல்லையும் பெத்தாய் பெலாலாங் தழையையும் கொடுங்கள். வெயிலேறும் முன் நிழலில் கட்டுங்கள். ஆடு தீனியைத் தொடாமல் தலையைத் தூக்கி நின்றால் கால்நடை மருத்துவரை அழைத்து பி1 ஊசி போடுங்கள். பொடிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் கொட்டகைக் கூரையடியில் மூடியுள்ள ஒரு மழைநீர்த் தோம்பை வையுங்கள்.