பாஸ்புக்கில் இருப்பது யாருடைய கைப்பேசி எண்?

வானகரம் மீன் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறவன் நான். சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு கடையில் என் பழைய மாணவியைப் பார்த்தேன். இப்போது பி.காம். முதலாண்டு படிக்கிறாள். அம்மா மீன் வெட்ட, இவள் எடை போட்டுக்கொண்டிருந்தாள். தராசுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை. நான் ஸ்கேன் செய்து பணம் அனுப்பியதும் அவள் கைப்பேசி ஒலித்தது.

"பணம் என் கணக்குக்குத்தான் சார் வரும். அம்மாவுக்கு போன் பார்க்கத் தெரியாது. சாயந்திரம் கணக்குச் சொல்லணும்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இதை ஆரம்பிக்கவே நாலு மாசம் அலைஞ்சேன் சார்" என்றாள்.

அலைச்சலுக்குக் காரணம் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. உதவித்தொகைக்காக அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கிய கணக்கு அது. அப்போது வீட்டில் கைப்பேசி இல்லை. படிவத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டு அவளுடைய வகுப்பாசிரியர் நான். கட்டங்களை நிரப்பி மொத்தமாக வங்கிக்கு அனுப்பியதும் நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ வீடு மாறிப் போய்விட்டார்.

அந்த ஓர் எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்று நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். யூபிஐ செயலியை முதன்முதலில் திறக்கும்போது, அது கைப்பேசியில் உள்ள சிம்மிலிருந்து தானே ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். அது எந்த எண்ணிலிருந்து வந்ததோ, அந்த எண்ணில் பதிவான வங்கிக் கணக்கைத்தான் தேடும். எண் பொருந்தாவிட்டால் கணக்கே தெரியாது. பொருந்தினால், ஏடிஎம் அட்டை விவரம் அல்லது ஆதார் கொண்டு, ஓடிபி பெற்றுப் பின் எண்ணை அமைத்துக்கொள்ளலாம். அதாவது வீட்டுப் பூட்டு நம்முடையதாக இருந்தாலும் சாவி அந்த எண் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்த எண், 90 நாள்களுக்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒதுக்கப்படவும் கூடும். அப்போது ஓடிபியும் அவருக்கே போகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் தொடங்கிய கணக்கு பெரும்பாலும் பெற்றோரைக் காப்பாளராகக் கொண்டது. பதினெட்டு வயது நிறைந்ததும் புதிய கையொப்பம், அடையாளச் சான்று கொடுத்து அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று முடித்துவிடலாம். தெரியாததால் மூன்று நான்கு முறை போகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கல்லூரி விடுப்பு.

நம் பள்ளி மாணவர்களுக்கு இது வெறும் வசதி பற்றிய பேச்சு அல்ல. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பர் 5 முதல் வழங்கப்படுகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்டது. இரண்டிலும் பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. இந்தத் தொகை வந்ததா இல்லையா என்று தெரியாமலே மாதங்களைக் கடத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் கல்லூரியில் புதுக் கணக்கு தொடங்கி, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு ஆதாரையும் இணைத்துவிடுவார்கள். ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் எந்த உதவித்தொகையும் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு 'பணம் நின்றுபோச்சு' என்று வருந்துவார்கள். புதுக் கணக்கில் அது சேர்ந்துகொண்டிருக்கும்.

செலவைப் பற்றி அந்த மாணவி சொன்னதை மறக்க முடியவில்லை. "நோட்டை உடைக்கும்போது மனசு வலிக்கும் சார். ஸ்கேன் பண்ணும்போது வலிக்கல." அதனால் மாதக் கடைசியில் செயலியில் பழைய பரிமாற்றங்களைத் திறந்து, டீ, ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று நோட்டில் பிரித்து எழுதுகிறாளாம். சதவீதப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு ஒன்பதாம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். பாடநூலில் உள்ள சோப்பு வியாபாரியின் லாப நட்டத்துக்கு வராத ஆர்வம் வந்தது!

அவளிடம் கேட்ட இன்னொரு செய்திதான் என்னைக் கவலைப்பட வைத்தது. அவள் வகுப்புத் தோழன் ஒருவனிடம் யாரோ வந்து, "கணக்கு உன்னோடது, பணம் எங்களோடது. ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடுத்தால் மாதம் ஐந்தாயிரம்" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வேளை, அவன் கொடுக்கவில்லை. மோசடியில் பறித்த பணத்தைக் கைமாற்றத்தான் இப்படிக் கணக்குகளை வாடகைக்குக் கேட்கிறார்கள். புகார் வந்ததும் கணக்கு முடக்கப்படும். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். உதவித்தொகை வரும் கணக்கும் அதுவாகவே இருந்தால், அதோடு அதுவும் நிற்கும். கையில் காசில்லாத பிள்ளைக்கு ஐந்தாயிரம் பெரிய தொகை. 'ஆசைப்படாதே' என்று சொன்னால் போதாது. என்ன நடக்கும் என்பதை இப்படி விரித்துச் சொன்னால்தான் புரிகிறது.

மற்றவை அவர்களுக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறேன்: பின் எண் பணம் அனுப்புவதற்கு. பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டாம். 'பரிசு வந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள்' என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொன்னேன். கணக்கில் பதிந்துள்ள கைப்பேசி எண் எது, அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று இரண்டே கேள்விகள். பலர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வர வேண்டியிருந்தது. சித்தப்பா எண், பழைய வீட்டு உரிமையாளர் எண், 'அப்பா தொலைத்த போன்' என்று பதில்கள் வந்தன. எண் மாற்றும் படிவத்தை வங்கியிலிருந்து வாங்கி வந்து வகுப்பிலேயே நிரப்பினோம். இந்த முறை கட்டங்களை அவர்களே நிரப்பினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.