‘அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி...’ தென்காசி, குற்றாலம் தெருக்களில் ஓயாத பார்க்கிங் பஞ்சாயத்து!

ஜூன் மாதம் பிறந்து, மலையில் மேகம் இறங்கி, சாரல் லேசாக முகத்தில் தெறித்தால் போதும். ‘குற்றாலத்துல தண்ணி விழுது’ என்று யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை ராத்திரியே மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம் என்று நாலா திசையிலிருந்தும் வண்டிகள் கிளம்பிவிடும்.

சனிக்கிழமை விடிகாலை. குற்றாலம் போகிற வழியில் இருக்கும் மேலகரம், நன்னகரம், காசிமேஜர்புரம் பகுதிகளில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், கேட்டை ஒட்டி முன்பின் தெரியாத ஒரு கார் நிற்கும். கதவிடுக்கில் ஈரத் துண்டு தொங்கும். ஆள் இருக்காது.

ஆள் அருவியில் இருப்பார். கண்ணாடியில் போன் நம்பர் எழுதி ஒட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அருவிக்குள் யார் போனைக் கொண்டுபோவார்கள்? அது அந்தக் காருக்குள்ளேயேதான் அடித்துக்கொண்டிருக்கும். வேலைக்குக் கிளம்ப வேண்டியவர் ஹெல்மெட்டோடு வாசலில் நிற்க, குளித்து முடித்து, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, ஆடி அசைந்து வருவார் வண்டிக்காரர். அவர் வாயில் வரும் முதல் வார்த்தையும் மாறாது. “அஞ்சு நிமிஷம்தான் அண்ணாச்சி நிப்பாட்டுனேன்!”

சீசன் வண்டி போயிடும்... எதிர்வீட்டு வண்டி?

வெளியூர் வண்டியைக்கூட மன்னித்துவிடலாம். ஞாயிறு சாயங்காலம் அது ஊரைப் பார்க்கப் போய்விடும். சத்தம் போட்டுத் திட்டினாலும் மறுபடி அந்த முகத்தைப் பார்க்கப்போவதில்லை. ஆனால், பக்கத்து வீட்டு வண்டியை என்ன செய்வது?

தென்காசியின் பழைய தெருக்கள் காருக்காகப் போட்டவை அல்ல. 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விஸ்வநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. ரத வீதிகளில் தேர் போகும், உள் தெருக்களில் மாட்டு வண்டி போகும், மற்றவர்கள் நடப்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், முன்னால் ஒரு திண்ணை. அவ்வளவுதான் அமைப்பு. பைக் வந்தபோது திண்ணையை இடித்துச் சாய்தளம் போட்டார்கள். கார் வந்தபோது இடிக்க எதுவும் மிச்சமில்லை. அதனால் அது தெருவில் நின்றது.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. கலெக்டர் அலுவலகம் வந்தது, அலுவலகங்கள் கூடின, வேலைக்கு வருகிறவர்களும் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களும் கூடினார்கள். வங்கிக் கடனில் கார் வாங்குவது சாதாரண விஷயமாகிவிட்டது. தெருவின் அகலம் மட்டும் பாட்டன் காலத்தில் இருந்த அதே அளவு.

இதில் அதிகம் அல்லாடுவது வீட்டில் இருக்கும் பெண்களும் பெரியவர்களும்தான். சிலிண்டர் வண்டி வாசல் வரை வராது. தெருமுனையிலிருந்து உருட்டிக்கொண்டு வரவேண்டும். குப்பை வண்டி விசில் அடித்துவிட்டு முனையோடு திரும்பிவிடும். மார்கழி வந்தால் இன்னொரு கூத்து. குற்றாலத்துக்கு அது இரண்டாவது சீசன். சபரிமலை போகிற வழியில் அருவியில் குளிக்க வரும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து நிற்கும். வருஷம் முழுக்கக் காத்திருந்து பெரிய கோலம் போட நினைத்த வீட்டு வாசலில், கோலம் இருக்க வேண்டிய இடத்தில் டயர் இருக்கும். மிச்சமிருக்கும் மூலையில் நாலு புள்ளி வைத்துவிட்டு உள்ளே போகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அது சின்ன விஷயமா இல்லையா என்று.

ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

சரி, கோலத்தை விடுங்கள். ஒரு கணக்கு போடலாம்.

உங்கள் தெரு 15 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் சொன்னால் சுமார் 4.6. ஒரு சின்ன கார் சுமார் 1.7 மீட்டர் அகலம். பக்கவாட்டுக் கண்ணாடியும், சாக்கடையில் டயர் இறங்கிவிடாமல் விடும் இடைவெளியும் சேர்த்தால் 2 மீட்டர் காலி. மீதி 2.6 மீட்டர். இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களுக்கு மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் அதிகபட்ச அகலம் எவ்வளவு தெரியுமா? அதே 2.6 மீட்டர். அதாவது, தெருவில் ஒரே ஒரு கார் ஒழுங்காக ஓரம்கட்டி நின்றாலே, தீயணைப்பு வண்டி போன்ற பெரிய வண்டி உரசிக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

இப்போது எதிர்வரிசையில் ஒரு பைக்கைச் சாய்த்து நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் இறங்கி வந்து பைக்கைத் தூக்கி வைத்தால்தான் உண்டு. பைக்குக்குப் பதில் இன்னொரு கார் நின்றால்? மிச்சம் இருப்பது 60 சென்டிமீட்டர். சுமார் 1.3 மீட்டர் அகலமுள்ள ஆட்டோவுக்கே வழி இல்லை. ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு தாத்தாவை இந்த 60 சென்டிமீட்டர் வழியாக எப்படிக் கொண்டுபோவார்கள்? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கிக்கொண்டு, தெருமுனையில் விளக்கு சுழல நிற்கும் 108 வரைக்கும் போகவேண்டும். அந்தத் தெருவில் கார் நிறுத்தியிருப்பவர் கெட்டவர் இல்லை. சத்தம் கேட்டால் அவரே ஓடிவந்து ஒரு கை பிடிப்பார். தன் கார்தான் வழியை மறிக்கிறது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றக்கூடச் செய்யாது.

சட்டம் இருக்குது... ஆனா யார் மேல போடுறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122 தெளிவாகவே சொல்கிறது: பொது இடத்தில் ஆபத்தோ, இடைஞ்சலோ, தேவையில்லாத தொந்தரவோ ஏற்படும்படி வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும், சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் பிரிவு 127-ன்படி சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். அடுத்தவர் வீட்டு நுழைவாயிலை மறித்து நிறுத்துவதும் விதிமீறல்தான். அபராதம் முதல் முறை 500 ரூபாய், மறுபடி சிக்கினால் 1,500 ரூபாய். போதாததற்கு, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ம் பிரிவும் இருக்கிறது. பொது வழியில் இடையூறு செய்தால் 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு வெறும் 200 ரூபாய்தான்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால், பிரிவு 194இ சொல்வது, ஆம்புலன்ஸ் வருவதைப் பார்த்தும் ஓரம் ஒதுங்காத டிரைவரைப் பற்றி. பூட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துத் தூங்குகிறவரின் கார் எப்படி ஒதுங்கும்?

இவ்வளவு இருந்தும் குடியிருப்புத் தெருக்களிலிருந்து புகார் போவது அபூர்வம். காரணம் ரொம்ப எளிது. வெளியூர்க்காரர் மேல் புகார் கொடுக்கலாம். பக்கத்து வீட்டு அத்தையின் மகன் மேல் எப்படிக் கொடுப்பது? விடிந்தால் பால் வாங்கப் போகும்போது அந்த முகத்தில்தானே முழிக்க வேண்டும்? கல்யாணம் என்றால் பத்திரிகை வைக்க வேண்டும், துட்டி என்றால் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். ஆகவே, வாயை மூடிக்கொள்கிறார்கள். மூடிய வாய்க்குள் கோபம் மட்டும் வளர்கிறது.

அந்தக் கோபம் வேறு வழியில் வெளியே வரும். வாசலில் ஒரு கருங்கல் முளைக்கும். அடுத்த வாரம் சிமென்ட் தொட்டியில் குரோட்டன்ஸ் செடி வரும். அதற்கடுத்து இரண்டு கம்பியும் ஒரு சங்கிலியும். ‘நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்று ஒரு போர்டும் தொங்கும். சங்கடமான உண்மை என்னவென்றால், வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு வீட்டுக்காரருடையது அல்ல. அது நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ சொந்தம். கேட்டை மறிக்கக் கூடாது என்று கேட்பது உரிமை. கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பத்தடிச் சுவரையும் சேர்த்துச் சங்கிலி போடுவது ஆக்கிரமிப்பு. நாமே எழுதி மாட்டும் போர்டுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. காற்றைப் பிடுங்கினாலோ, கண்ணாடியைக் கீறினாலோ, புகார் கொடுக்க வேண்டியவர் புகாருக்கு ஆளாகிவிடுவார்.

2023-ல் வந்த ‘பார்க்கிங்’ படம் பார்த்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ஒரே வீட்டின் மேலும் கீழும் குடியிருக்கும் இரண்டு பேர். ஒரு கார் நிற்கிற இடம். அதிலிருந்து தொடங்கி இரண்டு குடும்பமும் நிம்மதியைத் தொலைக்கும் கதை. ராம்குமார் பாலகிருஷ்ணன் இயக்கிய அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை, எம்.எஸ்.பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் என்று தேசிய விருதுகள் 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டன.

‘சினிமாவுக்காகக் கொஞ்சம் அதிகமா காட்டிட்டாங்க’ என்று நினைத்தவர்களும் உண்டு. அதே 2025 மார்ச்சில் பஞ்சாபின் மொஹாலியில், பைக் நிறுத்துவது தொடர்பாகப் பக்கத்து வீட்டுக்காரருடன் ஏற்பட்ட தள்ளுமுள்ளுக்குப் பிறகு ஓர் இளம் விஞ்ஞானி உயிரிழந்தார். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு உடல் தேறி வந்தவர் அவர். ஆகஸ்டில் டெல்லி நிஜாமுதீன் பகுதியில், வாசலில் நின்ற டூவீலரை நகர்த்தச் சொன்னதில் தொடங்கிய சண்டை கொலையில் முடிந்தது. விருதுச் செய்தி வந்து ஒரு வாரம்கூட முடிந்திருக்கவில்லை.

கார் வாங்கும் முன்னே இடத்தைக் காட்டு!

ஜப்பானில் 1962-லேயே இதற்கு ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். கார் வாங்க வேண்டுமா? வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். சின்ன ரக கார்களுக்குச் சில ஊர்களில் விலக்கு உண்டு. வாங்கிய பிறகும் ராத்திரியில் 8 மணி நேரத்துக்கு மேல் தெருவில் விட்டு வைக்க முடியாது. நம் நாட்டிலும் மலைச்சரிவில் நெருக்கமாக வீடுகள் அடுக்கியிருக்கும் மிசோரம், சிக்கிம் மாநிலங்களில் இடம் காட்டினால்தான் வண்டிப் பதிவு என்று விதி கொண்டுவந்தார்கள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இந்த விஷயத்துக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். ஒரு கார் தன் ஆயுளில் 95 சதவிகித நேரம் சும்மா நிற்கிறது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு. நாம் கார் வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், ஏசி கேட்கிறோம். நிற்கப்போகும் அந்த 95 சதவிகித நேரத்தைப் பற்றி ஷோரூமில் யாரும் பேசுவதில்லை.

தென்காசியில் அப்படி ஒரு சட்டம் இப்போதைக்கு இல்லை. அதுவரை தெருவே பேசி முடிக்க வேண்டியதுதான். ‘நம்ம வரிசையில மட்டும் வண்டி, எதிர்வரிசை காலி’ என்று தெருவுக்குள் ஒரு முடிவு எடுத்தால், அந்த 2.6 மீட்டராவது மிஞ்சும். போன் நம்பரை வெளியில் எழுதத் தயங்கும் பெண்களுக்கு, நம்பரைக் காட்டாமலே அழைப்பை இணைக்கும் க்யூ.ஆர். கோடு ஸ்டிக்கர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. பேச்சை எடுக்கிற நேரமும் முக்கியம். ராத்திரி பத்து மணிக்கு ஹாரன் அடித்துத் தொடங்கினால் அது சண்டை. மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, “எங்கப்பாவுக்கு முடியல அண்ணாச்சி, ராத்திரி ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கும்” என்று சொன்னால், அநேகமாக அன்றைக்கே வண்டி நகரும்.

முடியாது என்று தென்காசிக்காரர்கள் சொல்லவும் முடியாது. வருஷாவருஷம் செய்து காட்டுகிறார்களே! மாசி மகத் திருவிழா வந்து, தேரோட்டம் என்று நாள் குறித்துவிட்டால், ரத வீதிகளில் ஒரு வண்டி நிற்காது. யாரும் யார் வாசலிலும் கல் போடுவதில்லை. சொந்தக்காரர் வீட்டிலோ, ஊருக்கு வெளியிலோ, எங்கேயாவது ஓர் இடம் எல்லா வண்டிக்கும் கிடைத்துவிடுகிறது. வீதி முழுக்க விரிந்து, இரண்டு ஓரமும் ஜனங்கள் நின்று, நடுவில் தேர் அசைந்து போகும். இவ்வளவு அகலமா நம்ம தெரு என்று அன்றைக்கு ஒரு நாள் தோன்றும்.

தேர் நிலைக்கு வந்து, கூட்டம் கலைந்து, வீதியைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் பைக் வந்து நிற்கும். ஓட்டி வந்தவர் சாவியை எடுத்துக்கொண்டே சொல்வார்: “அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி...”