உப்பு அம்பாரக் காப்பு (மரக்காணம்)

உப்பு அம்பாரக் காப்பு என்பது, பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பு மழையாலும் காற்றின் ஈரத்தாலும் கரைந்து வீணாகாமல், தென்னங்கீற்று, பனையோலை, தார்ப்பாய் முதலியவற்றால் மூடிக் காக்கும் முறையாகும். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு உண்டு என்பது மாணவர்கள் பாடத்தில் படிப்பதே. உப்பு விளைவதும் அறுவடைதான். அதற்கும் அந்த இழப்பு உண்டு.

இடமும் பருவமும்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்கு உப்பு உற்பத்தி ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இராது. அதற்குள் விற்காமல் நிற்கும் அம்பாரம்தான் உற்பத்தியாளரின் கவலை. 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய கடற்கரையில்தான் கரையைக் கடந்தன.

எவ்வளவு கரையும்?

இது வகுப்பில் போடத்தக்க எளிய கணக்கு. 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 10 லிட்டர் நீர். அந்நீர் முழுதும் உப்பில் ஊறி இறங்கினால் 3.6 கிலோ உப்பைக் கொண்டுபோகும். 10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட மூடாத அம்பாரத்தின்மேல் 5 செ.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர் நீர், அதாவது 720 கிலோ வரை இழப்பு. புயல் வேண்டியதில்லை, ஒரு கோடை மழையே போதும்.

மழையில்லாத நாளிலும் இழப்பு உண்டு. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியும். கடற்கரையில் இரவுதோறும் ஈரப்பதம் அதற்கு மேல்தான். ஆகவே, வாரிய உப்பை உடனே இறுக மூடுவது தவறு. மேடான இடத்தில் சில நாள் விட்டால் கசப்பு நீர் வடிந்து மக்னீசியம் குறையும். அதன்பிறகு மூடினால் உப்பு காய்ந்து நிற்கும்.

கீற்றா, தார்ப்பாயா?

முடைந்த கீற்றைக் கூரை வேய்வதுபோல் கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்குவர். சரிவில் நீர் ஓடிவிடும், உள்ளிருக்கும் ஈரமோ இடுக்கு வழியே வெளியேறும். தார்ப்பாய் மழையை முற்றிலும் தடுக்கும், விரிப்பதும் எளிது. ஆனால் அதனடியில் நீராவி வியர்த்துச் சொட்டும், காற்று கிழிக்கும். வெயிலில் நைந்த நெகிழித் துணுக்குகள் உண்ணும் உப்பில் கலக்கவும் கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கீற்றைப் பழைய காலத்துப் பொருளென்று ஒதுக்கக்கூடாது என்பேன். ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதும், தீப்பற்றும் அச்சமும் அதன் குறைகள்.

ஓலை தாங்குவது எப்படி?

ஓலையும் நாரும் இயற்கை செய்த கூட்டுப்பொருள்கள். இழுவையைத் தாங்கும் செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்னும் பிசின் ஒட்டிப் பிடித்திருக்கிறது. மேலே மெழுகுப் பூச்சு. தேங்காய் நாரில் லிக்னின் 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது, சணலில் இதைவிட மிகக் குறைவு. உப்புநீரில் தேங்காய் நார்க் கயிறு நெடுநாள் உழைப்பதற்கு இது முக்கியக் காரணம். மண்சுவருக்கு வைக்கோல் மிதித்துக் கலப்பதும் இதே தத்துவம்தான். மண் அழுத்தத்தைத் தாங்கும், வைக்கோல் விரிசலைத் தடுக்கும்.

மண்ணுக்குப் பதில் செயற்கைப் பிசினை வைத்தால் இன்றைய நார்க் கூட்டுப்பொருள் கிடைக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்த வட்டார ஆராய்ச்சிக் கூடம் 1980களில் தேங்காய் நார், வாழை நார் ஆகியவற்றைப் பாலியெஸ்டர் பிசினோடு சேர்த்து ஆராய்ந்தது. பெங்களூரில் இயங்கிய இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிறுவனம், மூங்கில் பாய்களைப் பிசினில் தோய்த்துச் சூட்டில் அழுத்தி, நெளிவுக் கூரைத் தகடாக்கும் முறையை உருவாக்கியது. உப்புக் கிடங்குக்கு இது பொருந்தும் என்று எண்ணக் காரணம் எளியது: உப்பங்காற்றில் இரும்புத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிடும், மூங்கில் தகடு துருப்பிடிக்காது.

இதிலும் சிக்கல் இல்லாமலில்லை. தாவர நார் நீரை விரும்பும், பிசின் நீரை வெறுக்கும். இரண்டும் எளிதில் ஒட்டுவதில்லை. ஆகவே நாரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, மேல்மெழுகை நீக்கிக் கழுவி உலர்த்தியபின் பிசினில் சேர்க்கின்றனர். தகட்டை அறுத்த ஓரங்களையும் ஆணித் துளைகளையும் பிசின் பூசி அடைக்க வேண்டும். இல்லையேல் ஈரம் அவ்வழியே புகுந்து தகடு ஊதிப் பிளந்துவிடும்.