திறக்காத ஜன்னல்



பைத்தான் என்றதும் மலைப்பாம்பு நம் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே நாங்கள் சொல்ல வந்தது பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியைப் பற்றி. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்க் கணிப்பொறி மொழியும் பைத்தானில் எழுதப்பட்டதே.

அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் பைத்தானில் ஒரு நிரல் எழுதினோம். நம் கம்பம் திராட்சையின் எடையையும் கிலோ விலையையும் கொடுத்தால், மொத்தத் தொகையைக் காட்டும் சிறு ஜன்னல் திரையில் திறக்க வேண்டும். தோழி வீட்டு விண்டோஸ் கணிப்பொறியில் அது நன்றாகத் திறந்தது. பள்ளியின் உபுண்டு கணிப்பொறியிலோ ஆங்கில வரிகள்தாம் வந்தன. தட்டச்சு செய்தவள் மீது பழி போட்டோம். அவள் அழுதுவிட்டாள்.

அப்போது சிஸ்டர் வந்து, “கடைசி வரியைப் படித்தீர்களா?” என்று கேட்டார்கள். படித்தோம். ‘டிக்கிண்டர் என்ற மாட்யூல் இல்லை’ என்பதே அதன் பொருள். ஜன்னல், பொத்தான் முதலியவற்றை வரைந்து தருவது இந்த டிக்கிண்டர்தான். விண்டோசில் பைத்தானை நிறுவும்போதே இதுவும் சேர்ந்து வந்துவிடும். உபுண்டுவில் ‘பைத்தான்3-டிகே’ என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். சிஸ்டரின் அனுமதியுடன் நிறுவினோம், ஜன்னல் திறந்தது!

வேறு மூன்று தவறுகளும் நேர்வதுண்டு. விண்டோசில் நிறுவும்போது, ‘பாத்’ என்னும் வழிப்பட்டியலில் பைத்தானைச் சேர்க்கும் கட்டத்தில் குறியிட மறந்தால், கட்டளை கொடுத்தாலும் கணிப்பொறிக்குப் பைத்தான் இருக்குமிடம் தெரியாமல் போகலாம். பெரியாறு அணையில் நீர் நிறைந்திருந்தாலும், மலையைக் குடைந்த சுரங்கவழி இல்லையேல் நம் வயலுக்கு வருமா? இரண்டாவதாக, நம் கோப்புக்கே ‘டிக்கிண்டர்’ என்று பெயரிட்டால், கணிப்பொறி உண்மையான டிக்கிண்டரை விட்டுவிட்டு நம் கோப்பையே எடுத்துக்கொள்ளும். மூன்றாவதாக, நிரலின் இறுதியில் ‘மெயின்லூப்’ கட்டளை இல்லாவிடில் ஜன்னல் நிலைத்து நிற்காது.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. பிழைச்செய்தி நம்மைத் திட்டுவதன்று. குறை எங்கே என்று காட்டுவது. பழி சொல்லுமுன் கடைசி வரிவரை படிப்போம். கணிப்பொறிக்கு மட்டுமன்று, மனிதருக்கும் இது பொருந்தும் அல்லவா?